நுணலும் நம் ஃப்ளாஷால் கெடும்!

எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு தேரை குடியிருக்கிறது. பகலில் வாளிக்குப் பின்னால் இருக்கும். இருட்டினால் ஜன்னல் கம்பிக்கு ஏறிவிடும். வாடகையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. ஊரிலிருந்து மாமியார் வரும்போது மட்டும் குடித்தனத்துக்கு ஆபத்து. துடைப்பத்தோடு உள்ளே போவார். ''பச்சப் புள்ள இருக்கிற வீட்ல தேரைய விட்டு வெச்சிருக்கீங்களே, புள்ள மேல விழுந்தா என்னாகும்?'' என்பார்.

குழந்தை மெலிந்தால் தேரை விழுந்துவிட்டது. தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் தேரை மோந்துவிட்டது. தென்னைக்குச் சத்து போதாமல், மகரந்தம் சரியாகச் சேராமல் ஒல்லிக்காய் விழுகிறது. பழி மட்டும் அந்த வாயில்லா ஜீவன் மேல். (வாய் இருக்கிறது, பெரிய வாய்தான். ஆனால் மறுத்துப் பேசத் தெரியாதே!)

அந்த பாத்ரூம் தேரை ஒரு மரத்தவளை. விரல் நுனியில் சின்னச் சின்ன வட்டத் தட்டுகள் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வழுவழு டைல்ஸில் செங்குத்தாக ஏறும். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'சுனம்' தவளை. வேறொன்றும் இல்லை, நம்ம சுண்ணாம்புதான்! சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதனால் ஒட்டிய பெயர்.

மாமியாரின் துடைப்பத்தைப் பற்றி எழுதி அவரோடு சண்டை இழுக்க நான் வரவில்லை. அது பழைய பகை. துடைப்பத்துக்குத் தவளையைப் பிடிக்காது, தவளைக்கும் அது தெரியும், ஓடிப் பிழைத்துக்கொள்ளும். இப்போது புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இவர்களுக்குத் தவளையை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்றால், நிஜமாகவே கையில் பிடிக்கும். என் கோபம் இவர்கள் மேல்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு ராத்திரி நானும் இருந்தேன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கோபம்.

ஆனைமலைப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களா. இப்போது அது 'ரிசார்ட்'. தென்மேற்குப் பருவமழை நேரம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 'நைட் வாக்' உண்டு, தலைக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதியிருந்தது. ஆளுக்கொரு டார்ச், ரப்பர் பூட்ஸ். அட்டைப்பூச்சிக்காக மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கால், கையெல்லாம் தடவிக்கொண்டோம். அதற்கு மேல் கொசு விரட்டிக் களிம்பு. எங்களில் நான்கு பேரிடம் ஆளுயர பில் போடும் கேமராக்கள். மிச்சப் பேரிடம் செல்போன்.

வழிகாட்டியாக வந்த பையன் கெட்டிக்காரன். காட்டு ஓரத்தில் நின்று காதைத் தீட்டினான். 'டிக்… டிக்… டிக்…' என்று ஒரு சத்தம். சத்தம் வந்த புதருக்குள் கையை விட்டான். ''புடிச்சிட்டேன் சார்!'' கட்டைவிரல் நகத்தளவு ஒரு புதர்த்தவளை. அது நின்ற கிளை படத்துக்கு ஒத்துவராதாம், இலையில் ஓட்டை. கொஞ்ச தூரம் நடந்து, பாசி படிந்த அழகான குச்சி ஒன்றை ஒடித்து, ஒரு கல்லில் சாய்த்து வைத்து, அதன் மேல் தவளையை உட்கார வைத்தான். அது குதித்தது. பிடித்து மறுபடி வைத்தான். மறுபடி குதித்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு அது குதிக்கவில்லை.

''இப்ப போஸ் குடுக்குது சார், எடுங்க!''

எடுத்தோம். ஆள் மாற்றி ஆள், அரை மணி நேரம். என் படம் அருமையாக வந்தது. கறுப்புப் பின்னணியில் தங்கக் கண். கிளம்பும்போதுதான் கேட்டேன். ''தம்பி, அதை எங்கேப்பா விட்டே?''

''இங்கதான் சார்… அது போயிக்கும்.''

எங்கே போயிக்கும்?

இந்தக் கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது சோறு இறங்கவில்லை.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால் குடிக்கிறது. மூச்சில் ஒரு பகுதியையும் தோலால்தான் விடுகிறது. அதாவது அதன் தோல் என்பது நம் தோல் மாதிரி வெறும் உறை கிடையாது. நுரையீரலையும் தொண்டையையும் வெளியே போர்த்திக்கொண்டு திரிகிற ஜீவன் அது. அந்தத் தோலைத்தான் மூக்குப்பொடியும் கொசு மருந்தும் பூசிய கையால் நாங்கள் ஆறு தடவை அமுக்கிப் பிடித்தோம். விரல் தட்டுகள் ஒட்டுவதும் பசையால் அல்ல. தட்டு முழுக்கத் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறுகோணக் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே வாய்க்கால்கள், அதில் மெல்லிய ஈரப் படலம். அந்த ஈரம்தான் பிடிப்பு. அதில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு விஞ்ஞானி தேவையில்லை, பாத்ரூமில் வழுக்கி விழுந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, அது ஏன் 'டிக் டிக்' என்று கத்திக்கொண்டிருந்தது? ஆண் தவளை. 'இது என் இடம், இங்கே வா' என்று பெண்ணைக் கூப்பிடுகிறது. மழைக்காலத்தில்தான் அந்த வாய்ப்பு. நல்ல இலை, நல்ல ஈரம், பக்கத்துப் போட்டியாளனிடமிருந்து போதிய தூரம் எல்லாம் பார்த்துப் பிடித்த இடம். அதை விட்டுக் கிளப்பிக் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கல்லில் விட்டுவிட்டு, 'போயிக்கும்' என்கிறோம். தன் உடம்பைப் போல நூறு நூற்றைம்பது மடங்கு தூரம் அதற்கு அதுவே ஒரு ஊர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்றார்கள். பாம்பு வந்து பிடிக்கும் என்பதற்காகச் சொன்ன பழமொழி. இன்றைக்குப் பாம்புக்கு முன்னால் நாம் போய் நிற்கிறோம். இதில் இன்னொரு கேவலமும் உண்டு. தவளையின் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, செல்போனில் ஓட்டி, போட்டிக்கு ஆள் வந்துவிட்டான் என்று அது பதறி வெளியே வரும்போது பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். (தலைப்பில் ஃப்ளாஷ் என்று போட்டது பழமொழிக்கு எடுப்பாக இருந்ததால். இருட்டுக்குப் பழகிய தவளைக் கண் பளீர் வெளிச்சத்துக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரம் பிடிக்கும் என்பது நிஜம்தான். ஆனால் பெரிய வில்லன் ஃப்ளாஷ் இல்லை, கை!)

இன்னும் ஒரு விஷயம் சொல்கிறேன். இதைக் கேட்ட பிறகும் ஒருவர் புதருக்குள் கையை விடுவார் என்றால், அவரோடு பேசிப் பயனில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஆறாம் வகுப்புப் பாடத்தில் நாம் வரைந்த அந்த வால் முளைத்த குட்டி இங்கே இல்லை. முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, அரிசி மணி அளவில் முழுத்தவளையாகவே வெளியே வரும். குளம் குட்டை எதுவும் வேண்டாம், ஈரமான இலை போதும். அதில் ஒரு வகையை 1876-இல் குந்தர் என்ற விஞ்ஞானி பெயரிட்டு விவரித்தார். பிறகு 130 வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த அது, மறுபடியும் கிடைத்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். 'ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ்' என்று வாயில் நுழையாத பெயர். அது எங்கே குடும்பம் நடத்துகிறது என்பது 2014-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நம்ம திருநெல்வேலிச் சீமையில், களக்காடு முண்டந்துறைக் காட்டில்! கேரளத்தில் ஈற்ற என்கிறார்களே, அந்த நாணல் மூங்கில். அதன் கணுவுக்கு நடுவே பூச்சியோ எலியோ போட்ட சின்னத் துளை இருக்கும். அந்தத் துளை வழியாக உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய், மூங்கில் குழாய்க்குள் முட்டை.

முட்டைக்குக் காவல் யார் தெரியுமா? அப்பா. அம்மா முட்டையிட்டதோடு சரி. குஞ்சுகள் வெளியே வரும் வரை ஆண் தவளைதான் அந்த இருட்டுக் குழாய்க்குள் காவல் இருக்கிறது. எதிரி யார்? பாம்பு இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண்கள். காவல் இல்லாத முட்டை கிடைத்தால் தின்றுவிடும். அதே காட்டில் ஆராய்ச்சியாளர்கள் காவல்காரனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், முட்டைகள் பல தப்பவில்லை. 2018-இல் அதை எழுதி வெளியிட்டார்கள்.

ஆக, குரல் கேட்கிறதே என்று புதரிலிருந்தோ மூங்கிலிலிருந்தோ ஒரு தவளையை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு போனால், அது பிள்ளைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த அப்பாவாக இருக்கலாம். எங்கள் 'மாடல்' அப்படிப்பட்டதா, இல்லையா? எனக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கண் ஷார்ப்பாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.

'ஒரே ஒரு தவளைக்கு இத்தனை ஒப்பாரியா?' என்று கேட்பவர்களுக்காக ஏழு தவளைகளின் கதை. இது மரத்தவளை இல்லை, விழுந்த மரத்துக்கு அடியில் வாழ்கிற ஒரு வகை. கன்னங்கரேல் உடம்பில் நட்சத்திரம் தெளித்த மாதிரி வெளிர்நீலப் புள்ளிகள். 'கேலக்ஸி' தவளை என்றே பெயர். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கேரளக் காட்டில் ஓர் ஆராய்ச்சியாளர் 2020-இல் ஏழு தவளைகளைப் பார்த்துக் குறித்து வைத்தார். பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் அவை இருந்த மரக்கட்டை புரட்டி உடைக்கப்பட்டிருக்கிறது, சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டுக் கிடக்கின்றன, தவளைகளைக் காணோம். இடைப்பட்ட காலத்தில் படம் எடுக்கிறவர்கள் குழு குழுவாக வந்துபோயிருக்கிறார்கள். நல்ல பின்னணி தேடி தவளைகளை இடம் மாற்றியதாகவும், மணிக்கணக்கில் வெறுங்கையால் பிடித்திருந்ததில் இரண்டு செத்துப்போனதாகவும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் சொன்னாராம். 2025 கடைசியில் இந்தச் செய்தி வெளிவந்தது. லண்டன் விலங்கியல் சங்கமே கண்டித்து எழுதியது. நம் ஊரில் இரண்டு நாள் 'அடப்பாவமே' என்றார்கள். மூன்றாம் நாள் அதே பக்கத்தில், 'மழை சீஸன் மேக்ரோ வொர்க்‌ஷாப், சீட்டுகள் குறைவு' என்று விளம்பரம்.

பூட்ஸ் சமாசாரத்துக்கும் வருகிறேன். கைட்ரிட் என்று ஒரு பூஞ்சை. தவளையின் தோலில் குடியேறி, தோலின் வேலையையே கெடுத்துவிடும். உலகம் முழுக்கக் குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் இதனால் சரிந்திருக்கின்றன, அதில் 90 அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகிறது என்று 2019-இல் கணக்குப் போட்டார்கள். ஒரு நோய் இத்தனை இனங்களை அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. நல்ல வேளையாக, கொத்துக் கொத்தாகச் சாவு இங்கே இதுவரை பதிவாகவில்லை. ஆனால் ஒரு மலையின் சேற்றை இன்னொரு மலைக்குச் சுமந்து போவது எது? சனி ஞாயிறுக்கு ஒரு மலை என்று சுற்றுகிற பூட்ஸ்தான். ஒரு தவளையைத் தொட்ட கையோடு அடுத்த தவளையைத் தொடுகிற கைதான். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கிறார்கள். அந்த ரிசார்ட்டில் எங்கள் பூட்ஸைக் கழுவச் சொன்னார்கள், ரூம் கார்ப்பெட் அழுக்காகுமாம்!

இப்போது என்ன எதிர்வாதம் வரும் என்று எனக்குத் தெரியும். ''படம் பார்த்துத்தானே சார் ஜனங்களுக்குத் தவளை மேல் பிரியம் வருகிறது? பிரியம் வந்தால்தானே காப்பாற்றுவார்கள்?''

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்த மரத்தவளைப் படங்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணி. நடுவில் தவளை. மரத்தவளைப் படத்தில் மரம் இருக்கிறதா? மரமும் இல்லை, இலையும் இல்லை, கீழே ஓடுகிற தண்ணீரும் இல்லை. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த மாதிரி ஒரு முகம். இதைப் பார்த்து வருகிற பிரியம், பொம்மை மேல் வருகிற பிரியம். வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளத் தோன்றுமே ஒழிய, காட்டை விட்டுவைக்கத் தோன்றாது.

மலபார் பறக்கும் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பசேல் உடம்பு, விரலிடுக்கில் ஆரஞ்சு நிற ஜவ்வு. அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஒன்பது பத்து மீட்டர் மிதந்து போகும். எல்லோருக்கும் அந்த ஜவ்வுப் படம் தெரியும். ஆனால் அது பிழைப்பதற்கு என்னென்ன வேண்டும்? தண்ணீருக்கு மேல் கவிந்து நிற்கிற ஒரு கிளை வேண்டும். பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்காலால் தயிர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கும். அந்த நுரைக்குள் முட்டை. வெளிப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சில நாள் கழித்து தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவி 'பொத் பொத்'தென்று கீழே தண்ணீரில் விழும். கிளை ஒரு முழம் தள்ளி நின்றால் தரையில் விழுந்து சாகும். தண்ணீர் ஒரு வாரம் முன்னாலேயே வற்றினாலும் சாகும். எஸ்டேட்காரர் ஓடைக்கரைப் புதரை 'க்ளீன்' பண்ணினால் நுரைக்கூட்டுக்கு இடமே இல்லை. களைக்கொல்லி அடித்த சரிவிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கினால், விழுகிற இடமே விஷம்.

ஆமாம், இதில் எஸ்டேட்டுக்குத்தான் பெரிய பங்கு. பத்து கேமராக்காரர்களை விட ஒரு களைக்கொல்லி டிரம் அதிகம் கொல்லும். சாலையை அகலப்படுத்துகிறவர்கள், ஓடையைக் குழாய்க்குள் திருப்புகிறவர்கள், சோலைக்குப் பக்கத்தில் காட்டேஜ் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. உலகத்தில் உள்ள நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்கு 41 இனங்கள் அழிவின் விளிம்பில் இருக்கின்றன என்று 2023-இல் வந்த கணக்கு சொல்கிறது. முதுகெலும்புள்ள பிராணிகளிலேயே மோசமான நிலைமை இவற்றுக்குத்தான். அந்த 41-க்குக் கேமராவா காரணம்? இல்லவே இல்லை. காடு போனது காரணம், பூஞ்சை காரணம், மழை முறை மாறியது காரணம்.

ஆனால் எஸ்டேட் முதலாளி, 'நான் தவளைப் பிரியன்' என்று சட்டையில் குத்திக்கொண்டு திரியவில்லையே! இவர்கள் திரிகிறார்கள். பெயருக்குப் பின்னால் 'கன்சர்வேஷன் போட்டோகிராபர்' என்று போட்டுக்கொள்கிறார்கள். எதைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டால் லைக் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். அது போகட்டும், அந்த ரிசார்ட்டுக்குப் போனீர்களே, 'ஓடைக்கரையில் ஏன் மருந்து அடிக்கிறீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. ரூம் கட் ஆகிவிடும் என்ற பயம்தான், வேறென்ன!

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வேலை செய்கிறார்கள். தேயிலைக்கு நடுவே தீவு தீவாக மிஞ்சியிருக்கிற சோலைத் துண்டுகளில் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டு, களையெடுத்து, காட்டைத் திரும்ப வளர்க்கிறார்கள். எஸ்டேட்காரர்களிடம் பேசிப் பேசி சம்மதிக்க வைத்து நடக்கிற வேலை. போஸ்டர் போட அதில் ஒரு தங்கக் கண்ணும் கிடைக்காது. சேறு, அட்டை, கன்று, மறுபடியும் சேறு. மரத்தவளையின் படத்தில் இருக்க வேண்டிய மரத்தை அவர்கள்தான் நடுகிறார்கள்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். போட்டி நடத்துகிறவர்கள், உட்கார வைத்து எடுத்த தவளைப் படம் என்று தெரிந்தால் தூக்கிப் போடட்டும். விதிப் புத்தகத்தில் 'துன்புறுத்தக் கூடாது' என்று ஒரு வரி போட்டுவிட்டு, பாசிக்குச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற தவளைக்கு முதல் பரிசு தருவது என்ன நியாயம்? இடத்தின் பெயரைப் படத்தோடு போடாதீர்கள். ஏழு தவளைகள் போனது அப்படி வாய்வார்த்தையாக இடம் பரவியதில்தான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. புலிக்குப் பக்கத்தில் இறங்கினால் அபராதம் போடுகிற வனத்துறை, தவளையைக் கிளப்பினாலும் போடட்டும். களக்காடு புலிகள் காப்பகம்தான்; ஆனால் அங்கே மூங்கிலுக்குள் காவல் இருக்கிற அப்பனுக்குப் புலிக் கணக்கெடுப்பில் இடம் இல்லை. வழிகாட்டிப் பையன்களைக் குற்றம் சொல்லாதீர்கள். ராத்திரி நடைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி அவர்களுக்குச் சில்லறை கொடுக்கிற முதலாளியைப் பிடியுங்கள். 'தொடாமல் காட்டு, கூடுதலாகத் தருகிறேன்' என்று ஒரு விருந்தாளி சொன்னால் அந்தப் பையன் தொடமாட்டான். காதால் தவளையின் இடத்தைச் சொல்லத் தெரிந்தவன் அவன். எங்களுக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை.

மாமியார் போன வாரம் ஊருக்குப் போய்விட்டார். தேரை ஜன்னல் கம்பிக்குத் திரும்பி வந்துவிட்டது. டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டை நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். வீட்டுக்காரிக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, அது தனிக் கதை.

இந்தப் பக்கத்தோடு வெளியிட அந்த ராத்திரி எடுத்த படத்தை அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ''கவர் ஸ்டோரி அளவுக்கு இருக்காமே சார், அந்தக் கண்ணு!'' என்றார் லே-அவுட் தம்பி. தரமாட்டேன் என்றேன். ''அப்ப அந்த இடத்துல என்ன வைக்கிறது?'' என்று கேட்டார். எதையும் வைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கத்தின் மேலே கறுப்பாக ஒரு கட்டம் காலியாக இருந்தால், அச்சுப் பிழை இல்லை.